வாசலில் நின்ற நீலப் புள்ளி

வைப்பாற்றில் தண்ணீர் ஓடிய வருஷமா ஓடாத வருஷமா என்று கேட்டால் ஓடாத வருஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், எந்த வருஷத்தைச் சொன்னாலும் அதில் பெரிய பொய் இருக்காது. அந்த வருஷம் சித்திரை மாசத்தில், சாத்தூர் பைபாஸ் ரோட்டு எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளுக்கு எடை போட்டுக்கொண்டிருந்த செண்பகராஜை அப்படியே நாற்காலியில் விட்டுவிட்டு, அவன் இருக்கும் இடத்தைச் செல்போன் மேப்பில் காட்டுகிற நீலப் புள்ளி மட்டும் தனியாக எழுந்து கோவில்பட்டிப் பக்கமாக நடக்க ஆரம்பித்தது.

புள்ளியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஆளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். செண்பகராஜுக்குப் போன் என்றால் சோறு தண்ணி வேண்டாம். புது மாடல் விற்பனைக்கு வருகிற அன்றைக்கு மூன்று போனிலும் ஒரு லேப்டாப்பிலும் விரலை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருப்பான், வந்த பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுப்பான், பிரித்த போனுக்குக் கேமராக் கண்ணில் பட்டுவிடாமல் ஓரமாகச் சந்தனம் குங்குமம் வைப்பான், மேலே கண்ணாடி ஒட்டும்போது ஃபேனை நிறுத்தி ஜன்னலைச் சாத்தி வீட்டில் ஒருத்தரையும் தும்மவிட மாட்டான், ஒட்டி முடித்து ஒரு குமிழிகூட இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவனுக்கு மூச்சு வரும். காலிப் பெட்டிகளை எறிய மனசு வராது. பீரோவில் அவன் பெண்டாட்டி மாரீஸ்வரியின் பட்டுச்சேலைகள் இருந்த தட்டு முழுக்கக் காலிப் பெட்டிகள்தான், சேலைகள் அரிசி டிரம்முக்கு மேலே ஒரு கட்டைப்பைக்குக் குடி போய்விட்டன. தண்ணீர் குடி என்று சொல்ல ஒரு ஆப், ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டாய் எழுந்து நில் என்று சொல்லக் கையில் ஒரு வாட்ச், நடந்த அடிகளை எண்ண ஒரு ஆப், கை தட்டினால் எரிகிற பல்பு. அந்த பல்பு பக்கத்துக் கோயிலில் பஜனைக்குத் தட்டினாலும் எரியும், பஜனை நடக்கிற அன்றைக்கு அவன் வீட்டுக்குள் இடி மின்னல் மாதிரிதான் இருக்கும்.

தெருவில் யாருக்கு கேஸ் சிலிண்டர் பதிய வேண்டுமென்றாலும், கரண்டு பில் கட்ட வேண்டுமென்றாலும், தட்கலில் சென்னைக்கு டிக்கெட் போட வேண்டுமென்றாலும் செண்பகராஜ்தான். சலிக்காமல் செய்து கொடுப்பான். நல்ல மனுஷன் என்றுதான் தெருவில் பேர்.

அவன் எங்கே இருக்கிறான் என்று பார்த்துக்கொள்ளும்படி மாரீஸ்வரி போனில் அவனே ஏற்பாடு செய்து கொடுத்திருந்தான். சாயங்காலம் வேலை முடிந்து அவன் புள்ளி ரயில்வே கேட்டைத் தாண்டினால் அவள் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள், அவன் செருப்பைக் கழற்றுகிற நேரத்துக்கு முதல் தோசை தட்டில் விழும். இப்படி ஒரு வசதி இருக்கிறது பாருங்கள் என்று காட்டுவதற்காகக் குடும்பக் குரூப்பிலும் ஒரு தடவை அதைப் போட்டுவிட்டான், பிறகு எடுக்க மறந்துவிட்டான். ஆகையினால் சொந்தபந்தம் எல்லாருக்கும் அவன் புள்ளி தெரியும்.

இத்தனை வசதியும் இருந்தவனுக்கு நெஞ்சுக்குள் ஒரு முள்ளும் இருந்தது. ஒரே தங்கச்சி ஜெயக்கனி, உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் பண்ணுகிற தவசிலிங்கத்துக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், குரூப்பில் நாங்கள் எது போட்டாலும் நீ பதில் போட மாட்டேன் என்கிறாய் என்று அவள் குறைப்பட்டுக்கொண்டாள். செண்பகராஜ் உடனே, தானாகப் பதில் அனுப்புகிற ஒரு ஆப்பை இறக்கி, ஜெயக்கனியிடமிருந்து எது வந்தாலும் 'சூப்பர், வாழ்த்துகள்' என்று பதில் போகும்படி வைத்துவிட்டான். அந்தச் சமயம் அவள் கைப்பிள்ளையின் படங்களாகத்தான் போட்டுக்கொண்டிருந்தாள், குப்புற விழுந்தது, பல் முளைத்தது, நடந்தது என்று எல்லாவற்றுக்கும் பதில் பொருத்தமாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஒரு மத்தியானம் அவள், 'எங்க அத்தை இறந்துட்டாங்க' என்று மாமியார் செத்த சேதியைப் போட்டாள். மறு நொடியே அண்ணன்காரனிடமிருந்து 'சூப்பர், வாழ்த்துகள்' என்று போனது, கூடவே இடுப்பை ஆட்டி ஆடுகிற ஒரு கரடி ஸ்டிக்கரும் போனது.

செண்பகராஜ் அப்போது புது மாடல் விற்பனையில் மும்முரமாக இருந்தான். சாயங்காலம் அவன் பார்ப்பதற்குள் உடன்குடியில் எழவு வீட்டுக்கு வந்தவர்களில் அந்தக் கரடியைப் பார்க்காத ஆள் இல்லை.

நல்லதுக்குக் கூப்பிட்டால் போக வேண்டும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போக வேண்டும், இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கே துட்டி கேட்க, அதாவது எழவு விசாரிக்க, அடித்துப் பிடித்து ஓடியிருக்கலாம். எந்த முகத்தோடு போவது என்று அன்றைக்குப் போகவில்லை. பதினாறாம் நாள் போய்க்கொள்ளலாம் என்று இருந்தான், பதினாறாம் நாளும் வெட்கமாக இருந்தது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற கதையாக, குரலில் பேசி அனுப்பினான், அழுது வீடியோ அனுப்பினான், கும்பிடுகிற கைகளை வரிசை வரிசையாக அனுப்பினான். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஜெயக்கனியிடமிருந்து ஒரே பதில் வந்தது. 'துட்டி கேக்க வராதவங்க நல்லதுக்கும் வர வேண்டாம்.'

நல்லது என்று அவள் சொன்னது மகள் தன்ஷிகாவின் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்த வேண்டும். இந்த அண்ணன் மடியில் வைக்க மாட்டேன் என்றாள், சரி, உன் பங்காளியில் ஒருத்தன் மடியில் வைப்போம் என்று தவசிலிங்கம் சொன்னதற்கு, கூடப் பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எம்பிள்ளை அடுத்தவன் மடியில் எதற்கு உட்காரணும் என்று அதற்கும் பாய்ந்தாள். பிள்ளைக்கு நாலு வயசாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகள் காதிலும் ஏதாவது மினுங்கிக்கொண்டிருக்க, இது மட்டும் மூளிக்காதோடு போய் வந்துகொண்டிருந்தது. அந்தக் காதுகளைக் குரூப்புப் படங்களில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் செண்பகராஜால் முடிந்தது.

இப்படி இருக்கும்போதுதான் புள்ளி கிளம்பியது. முதலில் பார்த்தது மாரீஸ்வரி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவனை வாசலிலேயே நிறுத்தி ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, நீங்க நள்ளியிலதான இருக்கீங்க?"

"கண்ணு முன்னாடி நிக்கிறேன், நள்ளிங்கிற."

"எனக்கென்ன தெரியும், நள்ளி ஸ்டேஷன் பக்கம்னுதான் காட்டுது. எப்படியும் வர நேரமாகும்னு கல்ல இன்னும் வைக்கல."

அவன் தன்னுடைய மூன்று போன்களையும் எடுத்துப் பார்த்தான். மூன்றிலும் அவன் நள்ளியில்தான் இருந்தான். அணைத்துப் போட்டுப் பார்த்தான். கஸ்டமர் கேரில் ஒரு பெண் இருப்பிடத்தை ஒருமுறை நிறுத்திவிட்டுத் திரும்பப் போடுங்கள் சார் என்றாள், நிறுத்திப் போட்டதில் புள்ளி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது, நிறுத்திய நேரத்தில் ஓடியிருக்கிறது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா சார் என்று கேட்டுவிட்டு அவள் வைத்துவிட்டாள். மறுநாள் விருதுநகரில் ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனான். கடைக்காரப் பையன் மூன்றையும் கழற்றி மாட்டி, தன் போனில் சரிபார்த்து, கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"மேப்பு சரியாத்தான் காட்டுது சார். நீங்கதான் தப்பான எடத்துல இருக்கீங்க."

எடைமேடையில் இந்தக் கதையைக் கேட்ட ஒரு லாரி டிரைவர், ஏறி நில்லுங்க அண்ணாச்சி பாப்போம் என்றான். எப்போது ஏறினாலும் எழுபது கிலோ காட்டுகிற மேடை அன்றைக்கு செண்பகராஜ் ஏறி நின்றதும் சைபர் காட்டியது. டிரைவர் ஏறினான், தொண்ணூறு. இறங்கிக் கீழே நின்று செண்பகராஜை ஒரு தடவை சுற்றி வந்து பார்த்துவிட்டு, ஆளு அங்கிட்டுப் போயிருச்சு, இங்கிட்டு இருக்கிறது சும்மாதான் என்று சொல்லிவிட்டு ரசீதை வாங்கிக்கொண்டு போனான்.

அதன் பிறகு ஆப்புகள் எல்லாம் புள்ளியோடுதான் குடித்தனம் நடத்தின. பரோட்டாவுக்குச் சொன்னால் கொண்டுவருகிறவர் கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு பருத்திக்காட்டில் நின்றுகொண்டு, சார் கைய அசைங்க என்று கூப்பிட்டார். மழை வரும் என்று வானிலை ஆப் சொன்னதைக் கேட்டு அவன் சுள்ளென்ற வெயிலில் குடையோடு போனான், மழை எட்டயபுரத்தில் பெய்தது. நாள் முழுக்க நாற்காலியை விட்டு அசையாதவனுக்கு, நீங்கள் இன்று நாற்பதாயிரம் அடி நடந்துவிட்டீர்கள், அபாரம் என்று பதக்கம் வந்தது.

தெரு இதை எடுத்துக்கொண்ட விதம்தான் விதம். டீக்கடைப் பால்ச்சாமி, செண்பகராஜ் முன்னொரு காலத்தில் சும்மா கொடுத்த, அவன் கணக்கு இன்னும் அழியாமல் கிடந்த பழைய போன் ஒன்றைத் தேடி எடுத்து, சார்ஜரோடு கடைச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். காலையில் பேப்பர் பார்க்கிற மாதிரி எல்லாரும் புள்ளியைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்கள். முதல் இரண்டு நாள் 'அது எங்க போயிருச்சு' என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஒழுங்காகக் கிழக்கே திரும்பியதைப் பார்த்த பிறகு 'அவரு எங்க போயிட்டாரு' என்று மரியாதைக்கு மாறிவிட்டார்கள். அவரு எட்டயபுரம் தாண்டிட்டாரு, அவரு தூத்துக்குடியில பாலத்துக்கு அடியில படுத்துட்டாரு, என்ன இருந்தாலும் அவரு நடக்கிற நடைக்கு இவன் வர மாட்டான் என்று செண்பகராஜை வைத்துக்கொண்டே பேசினார்கள். வழியில் இருக்கிற ஊர்களில் சொந்தக்காரர் உள்ளவர்கள் போன் போட்டு, எங்க தெருக்காரர் ஒருத்தர் அந்தப் பக்கம் வாரார், பாத்துக்கிருங்க என்று சொல்லி வைத்தார்கள். அவர்களும், ஆமா, வந்தார், வேப்பமரத்தடியில செத்த நேரம் இருந்தார், போயிட்டார் என்று தகவல் சொன்னார்கள், முக்காணியில் ஒரு வீட்டில் மோர் கரைத்து மரத்தடியில் வைத்தார்களாம்.

புள்ளி உப்பளத்து வரப்போடு நடந்து திருச்செந்தூரைப் பார்த்துப் போனபோது பெண்கள் செண்பகராஜிடம் வந்தார்கள். என் மகளுக்கு வரன் அமையணும்னு வேண்டிக்கிறச் சொல்லுங்க என்றாள் ஒருத்தி. வீட்டுக்காரருக்கு முதுகுவலி தீரணும்னு சொல்லுங்க என்றாள் இன்னொருத்தி. சொல்கிறேன் என்றான், எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. புள்ளி கடலில் கொஞ்சம் இறங்கி நின்றது, பிறகு கோயிலுக்குள் போய் தர்ம தரிசன வரிசையிலேயே ஊர்ந்தது. சிறப்பு தரிசனத்தில் போகவில்லை பார், அதுதான் குணம் என்று தெரு மெச்சிக்கொண்டது. அந்தத் தரிசனம் செண்பகராஜுக்குச் சேருமா சேராதா என்று டீக்கடையில் ஒரு பொழுது முழுக்க வாக்குவாதம் நடந்தது. குளிச்சது அவரு, கும்பிட்டது அவரு, இவனுக்கு எப்படிச் சேரும் என்றது ஒரு கட்சி. பேரு யாரு பேரு, சேராம எங்க போகும் என்றது இன்னொரு கட்சி.

இத்தனை பேரும் அடுத்து எங்கே, அடுத்து எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்க, செண்பகராஜுக்கு மட்டும் புள்ளி எங்கே போகிறது என்று நள்ளியிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்தான். திருச்செந்தூரிலிருந்து புள்ளி உடன்குடி ரோட்டில் திரும்பிய அன்றைக்கு டீக்கடைக்கும் புரிந்துவிட்டது, ஜெயக்கனி கதை தெரியாத வீடு அந்தத் தெருவில் இல்லை. பால்ச்சாமி கண்ணாடிக் கிளாசைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சும்மாவா சொன்னாங்க, தான் ஆடாட்டியும் தன் தசை ஆடும்னு என்றார். வீட்டில் தன் போனில் அதைப் பார்த்த மாரீஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

புள்ளி உடன்குடிக்குள் நுழைந்தது, பஜாரைத் தாண்டியது, தெரு திரும்பியது, ஜெயக்கனி வீட்டு வாசலுக்கு வந்தது, கம்பிக் கதவுக்கு வெளியே நாலு முழம் தள்ளி நின்றது. நின்றது நின்றதுதான்.

இந்தா போவார், அந்தா போவார் என்று தெரு பார்த்தது. மறுநாளும் அங்கேதான் நின்றது, அதற்கு மறுநாளும் நின்றது. அதற்குள் கத்திரி பிறந்துவிட்டது. சாத்தூரிலேயே தார் இளகி செருப்பில் ஒட்டுகிற வெயில், உடன்குடியில் சொல்ல வேண்டாம், தேரிச் செம்மணல் கொதிக்கிற ஊர். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள், பாவம், ஒரு நெழல்லயாவது ஒதுங்கக் கூடாதா என்று அங்கலாய்த்தார்கள். பால்ச்சாமி சுவரில் வெயில் படுகிறது என்று போனைக் கழற்றி உள்சுவரில் நிழலில் மாட்டினார். அது புள்ளிக்கு எந்த வகையில் உதவும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

செண்பகராஜ் தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தான். இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டுகிற ஆப் ஒன்றை இறக்கி, ஜெயக்கனி வீட்டு நடுக்கூடத்தில் தன்னை வைத்துப் பார்த்தான், கூடத்தில் ஒரு பொய்ப்புள்ளி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது, வாசலில் நிற்பது அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேப்பில் கம்பிக் கதவுக்கு வழி திறந்திருப்பதாகத் திருத்தம் எழுதி அனுப்பினான். புள்ளி நகரவில்லை. மூன்று போனையும் மடியில் வைத்துக்கொண்டு, போயேம்ப்பா, உள்ள போயேன் என்று பிள்ளையைக் கெஞ்சுகிற மாதிரி கெஞ்சிக்கொண்டிருந்தவனை, மாவாட்டிய கையோடு வந்து நின்று மாரீஸ்வரி பார்த்தாள்.

"அத எதுக்கு வெரட்டுறீங்க? அதுக்கு வாயா இருக்கு, என்ன ஏதுன்னு கேக்க? கையா இருக்கு, நீட்டுன கையத் தொட? நடக்கிற வேலைய அது நடந்து முடிச்சிருச்சு. மிச்சத்த யாரு செய்வா?"

"அவ மூஞ்சியில எப்படி மாரி முழிப்பேன்?"

"முழிக்காதீங்க. தரையப் பாத்துக்கிட்டுப் போங்க. துட்டிக்குப் போறவுக அப்படித்தான் போவாக."

அவன் தலையைக் குனிந்துகொண்டு அழுதான். அவள் உள்ளே போய் பீரோவிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்தாள், காலிப் பெட்டிகள் நாலைந்து காலில் விழுந்தன, அவற்றை அப்படியே கிடக்கவிட்டுச் சட்டையை உதறிக் கொண்டுவந்தாள்.

காலையில் அவன் டீக்கடையைத் தாண்டிப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தபோது தெருவே எழுந்து நின்றது. துட்டிக்குப் போகிறவன் என்று ஒருத்தரும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறிப் பழக்கதோஷத்தில் உடன்குடிக்கு வழி கேட்டான்; நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள் என்றது போன். அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, தான் ஏற்கெனவே நடந்து முடித்திருந்த வழியில் நள்ளி, கோவில்பட்டி, எட்டயபுரம் என்று ஒவ்வொரு ஊராகப் பார்த்துக்கொண்டே போனான், பருத்திக்காடும் உப்பளமும் எங்கேயோ பார்த்த மாதிரிதான் இருந்தன.

ஜெயக்கனி தெருவில் கருப்பட்டி மணம் அடித்தது. கம்பிக் கதவுக்கு வெளியே ஒரு செங்கல்மேல் பித்தளைச் செம்பில் தண்ணீர் வைத்துத் தட்டுப் போட்டு மூடியிருந்தது. கதவுக் கம்பியில் ஒரு பழைய குடையை விரித்துக் கட்டியிருந்தார்கள், காற்றில் அது ஒரு பக்கம் சாய்ந்து நிழல் வேறு எங்கேயோ விழுந்துகொண்டிருந்தது. தெருவில் வந்த தயிர்க்காரி அந்த இடத்தை மட்டும் விட்டு ஒதுங்கி வளைந்து போனாள். செண்பகராஜ் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றதும் எதிர்வீட்டு அம்மாள் சத்தம் போட்டாள்.

"ஏ தம்பி, அங்கன நிக்காதிய. அந்த வீட்டு ஜெயக்கனியோட அண்ணன் நிக்காவ."

"தெரியும்மா" என்றான். சொல்லிவிட்டு ஓரடி தள்ளி, செம்புக்கு முன்னால், சரியாக அந்த இடத்தில் போய் நின்றான். வெயில் உச்சியில் இறங்கியது. அங்கே நின்று பார்த்தால் திறந்த கதவு வழியாக நடுக்கூடம் வரைக்கும் தெரிந்தது. பிள்ளையின் ஸ்கூல் பை ஆணியில் தொங்கியது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் இத்தனை நாள் நின்றிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். செருப்பைக் கழற்றினான், தரையைப் பார்த்துக்கொண்டு உள்ளே போனான்.

ஒருத்தரும் வா என்று சொல்லவில்லை. துட்டிக்கு வந்தவரை வா என்று கூப்பிடும் வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது, அங்கிருந்து எழுந்து போகிறவர் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லும் வழக்கமும் கிடையாது. தவசிலிங்கம் நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று வருஷம் ஆகிவிட்டதே என்று யோசிக்காமல், எழவு அன்றைக்கு வந்தவர்களிடம் நீட்டியது போலவே இரண்டு கையையும் நீட்டினான். செண்பகராஜ் அந்தக் கைகளைத் தொட்டான். சுவரில் மாமியார் படம் சின்ன பல்பு எரிய இருந்தது. ஜெயக்கனி அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றாள்.

அவன் பெஞ்சு நுனியில் உட்கார்ந்து, கேட்க வேண்டியதைக் கேட்டான்.

"அத்தைக்கு என்ன செஞ்சுச்சு?"

ஜெயக்கனி அப்படியே நிலையோடு சரிந்து தரையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள்: காலையில நல்லாத்தான் எந்திரிச்சாக, கருப்பட்டிக் காப்பி கேட்டாக, போட்டுக் குடுத்தேன், இனிப்பு பத்தலன்னாக, இன்னும் கொஞ்சம் தட்டிப் போட்டேன், குடிச்சுட்டுப் பாப்பாவ மடியில வச்சுக் கொஞ்சிக்கிட்டு இருந்தவுக, ஜெயா பிள்ளையப் பிடின்னாக, பிடிச்சேன், பிடிச்சுட்டுத் திரும்பிப் பாக்குறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு, என்னைய மருமகள்னு ஒரு நாள் நெனச்சதில்ல அண்ணே, அம்மா இல்லாத எனக்கு அம்மாவா இருந்தாக அண்ணே. எல்லாருக்கும் இதைச் சொல்லியிருக்கிறாள், வந்தவர் போனவர் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறாள், கூடப் பிறந்தவனுக்குச் சொல்ல வேண்டியது மட்டும் மூன்று வருஷமாக அப்படியே இருந்தது. சொல்லி முடித்துவிட்டு ஓவென்று அழுதாள். செண்பகராஜும் அழுதான். அவன் செய்தது தப்பு என்று அவளும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை, அழுகையில் அது கரைந்து போய்க்கொண்டிருந்தது.

அழுது ஓய்ந்த பிறகு அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல், முறைப்படி வெளியே வந்தான். கம்பிக் கதவைத் தாண்டிச் செம்புக்குப் பக்கத்தில் நின்று செருப்பை மாட்டக் காலை நீட்டினான். வந்த வேலை முடிந்தது, இனி பஸ் ஸ்டாண்டுதான். ஆனால் கால் செருப்புக்குள் போக மாட்டேன் என்றது.

"அண்ணே."

நடையில் வந்து நின்றாள். அழுத முகம் இன்னும் காயவில்லை.

"எத்தன நாளாத்தான் இப்படி வெயில்லயே நிப்ப? உள்ள வா."

பாக்கெட்டுகளில் மூன்று போனும் ஒரே நேரத்தில் துடிக்க ஆரம்பித்தன. சாத்தூரில் டீக்கடைச் சுவரில் புள்ளி நாலு முழம் நகர்ந்து வீட்டுக்குள் போனதைப் பார்த்து, பால்ச்சாமி அன்றைக்குக் குடித்தவர்களுக்கெல்லாம் இன்னொரு டீ சும்மா கொடுத்தார் என்றும், மாரீஸ்வரி சாயங்காலம் தனக்கு மட்டும் இரண்டு தோசை ஊற்றிக் கல்லை இறக்கிவிட்டாள் என்றும் பிறகு சொன்னார்கள். செண்பகராஜ் போன்களை எடுக்கவில்லை. செம்புத் தண்ணீரை எடுத்து அண்ணாந்து முழுக்கக் குடித்தான், வெயிலில் அது சுட்டுக்கிடந்தது.

ஜெயக்கனி கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இலை போட்டாள். இரண்டிலும் சோறு வைத்தாள், இரண்டிலும் மீன்குழம்பு ஊற்றினாள்.

"இன்னொண்ணு மாப்பிள்ளைக்கா?"

"அவுக சாப்பிட்டாச்சு. அது வெளிய நின்னவனுக்கு. ஊரு ஊரா நடந்து வந்துருக்கான், ஒரு வாய் சோறு திங்கல."

அவன் உட்கார்ந்து முதல் இலையைச் சாப்பிட்டான், நகர்ந்து உட்கார்ந்து இரண்டாவது இலையையும் சாப்பிட்டான், இரண்டு பேர் பசியும் இருந்தது. கை கழுவிவிட்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தவன் முன்னால் தன்ஷிகா வந்து நின்று அவனை மேலும் கீழும் பார்த்தது.

"நீங்கதான் வெளிய நின்ன மாமாவா? நாந்தான் தெனமும் உங்களுக்குத் தண்ணி வச்சேன்."

"ஆமா பாப்பா, நாந்தான்."

அது யோசித்துவிட்டுத் திரும்பிக்கொண்டு, கேட்காமல் கொள்ளாமல் அவன் மடியில் உட்கார்ந்தது. நல்ல கனம். ஜெயக்கனி இலைகளை எடுத்துக்கொண்டே, ஆவணியில நாள் பாக்கச் சொல்லணும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். பிள்ளை தன் காதுகளை இரண்டு கையாலும் தொட்டுக்கொண்டது.

"வலிக்குமா மாமா?"

"வலிக்கும்" என்றான் செண்பகராஜ். "நான் பிடிச்சுக்கிருவேன்."

ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நில்லுங்கள் என்று வாட்ச் சொன்னது. அவன் எழுந்திருக்கவில்லை.